ஓடாத கன்சோலும் அவசர வைத்தியமும்

பழைய வீடியோ கேம் கன்சோலை விற்பவர்கள் சொல்லும் வசனங்கள் மூன்று நான்குக்குள் அடங்கிவிடும். “நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.” “ரொம்ப நாளா போடலை.” “அடாப்டர் காணோம், அதான் செக் பண்ணலை.” வாங்கியவர் வீட்டுக்கு வந்து டிவியில் மாட்டிப் பொத்தானை அழுத்துகிறார். படம் வரவில்லை. ஊதிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார். யாரோ சொன்னார்கள் என்று துண்டைச் சுற்றிச் சூடேற்றுகிறார். அதுவும் பலிக்காவிட்டால் கடையில் கொடுத்து ஹீட் கன் அடிக்கச் சொல்கிறார். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பதைப் பொறுத்தே கன்சோல் பிழைப்பதும் குப்பைக்குப் போவதும் அமைகிறது.

‘ஓடவில்லை’ என்ற இந்த ஒற்றைப் புகாருக்கு நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட காரணங்களையும் செய்யப்பட்ட வைத்தியங்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழுதால் செத்த கன்சோல்கள் ஒரு புறம் இருக்க, பழுது இன்னதென்று தெரியுமுன்பே செய்த வைத்தியத்தால் செத்தவை ஏராளம். அவற்றைக் காப்பாற்ற விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. முறையாகப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

எந்தப் படியில் நிற்கிறது?

எந்தக் கன்சோலும் நான்கு படிகளில் விழித்தெழுகிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் குறைந்த அழுத்த நேர்மின்சாரமாக மாறுவது முதல் படி. செயலி விழித்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது இரண்டாவது. கேசட்டிலிருந்தோ ஹார்ட் டிஸ்கிலிருந்தோ உள்நினைவகத்திலிருந்தோ மென்பொருளைப் படிப்பது மூன்றாவது. படம் டிவிக்குப் போய்ச் சேருவது நான்காவது. எந்தப் படியில் தடுக்கினாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அதே கறுப்புத் திரைதான்.

ஆனால் கன்சோல் காட்டும் அடையாளங்கள் வேறுபடும். விளக்கே எரியவில்லையென்றால் பெரும்பாலும் முதல் படி. எரிந்த விளக்கு சில நொடிகளில் நிறம் மாறி அணைந்தால் இரண்டாவது படியைச் சந்தேகிக்கலாம். விசிறி சீராகச் சுற்றி, திரையில் பிழைச் செய்தி வந்தால் மூன்றாவது. விளக்கும் ஒலியும் ஒழுங்காக இருந்து படம் மட்டும் வரவில்லையென்றால் நான்காவது.

தயாரிப்பாளர்களே இதற்கு ஒரு மொழியை வைத்திருக்கிறார்கள். 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் முகப்பு வளையம் நான்கு கால்வட்டங்களால் ஆனது. ஒரு கால்வட்டம் சிவந்தால் ஏதோ ஒரு பாகத்தில் பழுது. இரண்டு சிவந்தால் அதிகச் சூடு. மூன்று என்றால் பொதுவான வன்பொருள் கோளாறு. நான்கும் சிவந்தால் படக்கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அவ்வளவுதான். நான்கு விளக்குகளையும் பார்த்து ‘போர்டு போச்சு’ என்று தூக்கியெறிந்தவர், கேபிளை மாற்றியிருந்தால் அன்று மாலையே விளையாடியிருக்கலாம்.

மூன்று விளக்குகளுக்குள்ளும் ஒரு விவரம் ஒளிந்திருக்கிறது. கன்ட்ரோலரை இணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிஸ்க் தட்டைத் திறக்கும் பொத்தானை நான்கு முறை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓர் இலக்கம் விளக்குகளில் தெரியும். நான்கும் எரிந்தால் பூஜ்யம், மற்றபடி எத்தனை எரிகிறதோ அதுவே எண். இப்படிக் கிடைக்கும் நான்கு இலக்கக் குறியீடு, பழுது மின்வழங்கியிலா நினைவகத்திலா படச் செயலியிலா என்று தேடும் இடத்தைச் சுருக்கித் தருகிறது. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் கிடைக்கும் தகவல் இது.

முதல் படி: மின்சாரம்

பழைய கன்சோலில் முதலில் பார்க்க வேண்டியது அதன் பின்பக்க ஒட்டுத்தாள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், நம் வீடுகளில் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கன்சோலை அப்படியே சுவரில் செருகிப் புகை கண்ட வீடுகள் நம்மிடையே உண்டு. பிளேஸ்டேஷன் 4 எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அமெரிக்காவில் விற்ற முதல் எக்ஸ்பாக்ஸும் எக்ஸ்பாக்ஸ் 360-இன் மின்வழங்கியும் ஏற்கா. புகை வந்தது என்பதாலேயே நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். அதிக மின்னழுத்தம் பாய்ந்தால் தன்னைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காக்கும் வேரிஸ்டர் என்ற சிறு பாகமும் ஃபியூஸும் பல மின்வழங்கிகளில் உண்டு. அவற்றோடு சேதம் நின்றிருக்கவும் கூடும்.

இரண்டாவது, அடாப்டரின் முனை. நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் கேட்பது 10 வோல்ட் நேர்மின்சாரம். அதன் முனையின் நடுப்பகுதி எதிர்முனை. அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற என்.இ.எஸ். கன்சோலுடன் வந்த அடாப்டர் தருவதோ 9 வோல்ட் மாறுமின்சாரம். துளையில் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் ஃபேமிகாம் கெட்டுப்போகும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுப்பகுதி நேர்முனையாகக் கொண்டவை. ஆகவே ‘அடாப்டர் காணோம்’ என்று சொல்லி விற்கப்படும் பழைய கன்சோலுக்குக் கையில் கிடைத்ததைச் செருகக் கூடாது. ஒட்டுத்தாளில் உள்ள வோல்ட், ஆம்பியர், முனைக்குறி மூன்றும் ஒத்துவர வேண்டும்.

நம் ஊர் டிவி மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. சந்தேகமான கருவியை நேரடியாகச் சுவரில் செருகாமல், குண்டு பல்ப் இணைத்த சீரிஸ் போர்டு வழியாக மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், கருவி தப்பிக்கும். கன்சோல்களின் மின்வழங்கிக்கும் இது பொருந்தும். ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட்டில் இயங்கும் மின்வழங்கியின் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சற்று நேரம் தங்கும். அந்தப் பெட்டியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.

ஊதுவது ஏன் பலித்தது?

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை 1983-இல் வந்த ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டை எடுத்து அடியில் ‘ஃபூ’ என்று ஊதிவிட்டுச் செருகுவது அந்தக் காலத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த வைத்தியம். அமெரிக்கப் பிள்ளைகளும் அதையே செய்தார்கள். அங்கே 1985-இல் வந்த என்.இ.எஸ்., வீடியோ பிளேயரைப் போலக் கேசட்டை முன்பக்கம் செருகிக் கீழே அழுத்தும் அமைப்பைக் கொண்டது. உள்ளே இருந்த 72 முனைகள் நாளடைவில் தளர்ந்துபோயின. கன்சோலில் ஒரு காவல் சிப்பும் கேசட்டில் அதன் இணையும் இருந்தன. இரண்டும் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் காவல் சிப் கன்சோலை நொடிக்கு ஒரு முறை மீண்டும் தொடங்க வைக்கும். அதனால்தான் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பார்த்தவர்கள் கன்சோல் செத்துவிட்டது என்றார்கள். அது உயிரோடு இருந்து, கேசட்டை அடையாளம் காண முயன்றுகொண்டிருந்தது. 1993-இல் வந்த மறுவடிவில் கேசட் மேலிருந்து செருகப்பட்டது, காவல் சிப்பும் நீக்கப்பட்டது.

ஊதியபோது பலன் கிடைத்ததற்குக் காரணம் மூச்சு இல்லை. ஊதுவதற்காகக் கேசட்டை வெளியே எடுத்து மறுபடி செருகியதே காரணம். உரசலில் முனைகள் சற்றே துலங்கி, வேறு இடத்தில் பதிந்தன. மூச்சின் ஈரமோ அந்த உலோகத்தை மெல்ல அரித்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் முனைகளைத் துடைப்பதே சரியான முறை. பஞ்சில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை துடைக்க வேண்டும்.

1989-இல் வந்த கேம் பாய் இன்னும் தெளிவாகப் பேசும். அதன் செயலி முதலில் இயக்குவது 256 பைட் அளவே உள்ள ஒரு சிறு நிரல். அது கேசட்டிலிருந்து நின்டெண்டோ முத்திரையின் 48 பைட்டுகளைப் படித்துத் திரையில் மேலிருந்து இறக்குகிறது; பின் தன்னிடமுள்ள படியோடு ஒப்பிடுகிறது. ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே திரையில் இறங்கும் முத்திரை சிதைந்தோ வெறும் கறுப்புப் பட்டையாகவோ இருந்தால் மின்சாரமும் செயலியும் திரையும் நலம், கேசட்டின் தொடர்பு மட்டும் நலமில்லை என்று அந்தக் கருவியே சொல்லிவிடுகிறது.

பழைய பொருளுக்கே உரிய இன்னொரு காரணம், காணாமல்போன பாகம். 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இன் முன்பக்க மூடியின் கீழ் ஒரு சிறு கட்டை இருக்கும். கூடுதல் நினைவகமோ, அது இல்லாதபோது வெறும் இணைப்புக் கட்டையோ அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும். விலைபோகும் நினைவகத்தைத் தனியே விற்றுவிட்டுக் கன்சோலை வெறுமனே கொடுத்தால், விளக்கு எரியும், படம் வராது. பழுது ஒன்றுமில்லை, ஒரு துண்டு இல்லை, அவ்வளவே.

கசியும் கெப்பாசிட்டர்

பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தால் கன்சோல் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவது 1990-இல் வந்த செகாவின் கேம் கியர். அதன் போர்டில் உள்ள சிறு மின்பகு கெப்பாசிட்டர்கள் அலமாரியில் இருந்தபடியே கசிந்து, ஒலியை விழுங்கி, திரையை மங்கவைத்து, கடைசியில் கருவியை ஊமையாக்கிவிடுகின்றன. மூடியைக் கழற்றியதும் மீன் கவிச்சிபோல ஒரு வாடை வந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கதை இன்னும் வருத்தமானது. மின்சாரம் நின்றாலும் கடிகாரம் சில மணி நேரம் ஓடட்டும் என்று அதில் ஒரு தனிக் கெப்பாசிட்டர் வைத்தார்கள். கடைசிப் பதிப்பான 1.6 நீங்கலாக மற்றவற்றில் உள்ளது காலப்போக்கில் கசிந்து, போர்டின் மெல்லிய செம்புக் கோடுகளைத் தின்றுவிடுகிறது. என் மேசைக்கு வந்த ஒன்றில் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. பிளக்கைச் செருகினால் சில சமயம் தானாகவே உயிர் பெறும். பதினோரு திருகுகளையும் டிஸ்க் தட்டையும் கழற்றிப் பார்த்தால், அந்தச் சிறு உருளையின் காலடியில் தேன் சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு பழுப்புக் கறை. கறையைத் துடைத்தபின் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தலைமுடி அளவுள்ள இரண்டு கோடுகள் நடுவில் அறுந்து பச்சை பூத்திருந்தன. மெல்லிய கம்பியால் இணைத்ததும் கன்சோல் பொத்தானுக்குக் கட்டுப்பட்டது. அந்தக் கெப்பாசிட்டரை எடுத்தே விட்டேன். அது இல்லாமலும் எக்ஸ்பாக்ஸ் முழுமையாக இயங்கும். நேரத்தை மட்டும் மறக்கும். 1.6 அல்லாத முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள், அது நன்றாக ஓடினாலும், இன்றே இதைச் செய்வது நல்லது.

சிவப்பு வளையமும் மஞ்சள் விளக்கும்

இந்தத் துறையின் பெரிய சர்ச்சைக்கு வருவோம். எக்ஸ்பாக்ஸ் 360-இன் மூன்று சிவப்பு விளக்குகள் உலகமெங்கும் பரவியபோது, மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் அந்தக் கோளாறுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-இலும் இதே சாயலில் ஒரு நோய் கண்டது. பொத்தானை அழுத்தினால் பச்சை, ஒரு கணம் மஞ்சள், பின் மூன்று பீப் ஒலியுடன் விட்டுவிட்டு எரியும் சிவப்பு.

முதலில் எல்லோரும் ஏற்ற விளக்கம், பாகங்களைப் போர்டில் ஒட்டும் உலோகமான சால்டர் பற்றியது. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஈயமில்லாத சால்டர் விறைப்பானது. சூடாகி ஆறும்போது சிப்பின் அடியிலுள்ள சால்டர் உருண்டைகள் விரிசல் விடுகின்றன என்றார்கள். ஆகவே சூடேற்றினால் விரிசல் ஒட்டிக்கொள்ளும் என்பது அடுத்த முடிவு. கன்சோலைத் துண்டால் சுற்றி ஓடவிடும் முறையும், ஹீட் கன் முறையும், அடுப்பில் போர்டை வைக்கும் முறையும் அப்படிப் பிறந்தன. சூடேற்றிய கன்சோல்கள் மெய்யாகவே எழுந்து ஓடின. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது.

சற்றே கணக்குப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. அந்த வகைச் சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். துண்டு சுற்றிய கன்சோல் அந்தச் சூட்டின் அருகில்கூடப் போகாது. அப்படியிருக்க அது ஏன் எழுந்தது? மைக்ரோசாஃப்ட் 2021-இல் வெளியிட்ட தன் வரலாற்று ஆவணப்படத்தில், உடைந்தவை பாகங்களுக்கு உள்ளே இருந்த இணைப்புகள் என்று அதன் பொறியாளர்களே விளக்கினார்கள். கன்சோலைப் போடுவதும் அணைப்பதுமாக வரும் சூட்டு மாற்றமே அவற்றை உடைத்தது. அதாவது கோளாறு சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே இல்லை. சிப்பின் சிலிக்கான் தகட்டுக்கும் அதைத் தாங்கும் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய புடைப்புகளில். சூடேற்றும்போது அவை விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், ஆறியதும் மறுபடி விலகும். பிளேஸ்டேஷன் 3-இன் படச் செயலியில் பங்கு கொண்ட என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சிப்புகளில் இதே இடத்துப் பலவீனத்துக்காக 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியதும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

பிளேஸ்டேஷன் 3 விஷயத்தில் மூன்றாவதாக ஒரு விளக்கம் எழுந்தது. செயலிகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ‘டோக்கின்’ எனப்படும் தட்டையான கெப்பாசிட்டர்கள் சூட்டில் மூப்படைந்து திறன் இழக்கின்றன என்பது அது. அவற்றை எடுத்துவிட்டு டான்டலம் கெப்பாசிட்டர்களை வைத்ததும் பல கன்சோல்கள் நிலையாக ஓடின. மூப்படைந்த அந்தக் கெப்பாசிட்டர்களும் சூடுபட்டால் சற்று நேரம் தேறுகின்றன. ஆக, ஹீட் கன் அடித்து எழுந்த கன்சோலைப் பார்த்துச் சால்டர் விரிசல் சேர்ந்துவிட்டது என்று நினைத்தவர்கள், வேறொரு பாகம் சூட்டில் தேறியதைப் பார்த்திருக்கவும் கூடும்.

எல்லாவற்றுக்கும் டோக்கின்தான் காரணம் என்று பிறகு சிலர் மறுபக்கம் சாய்ந்தார்கள். கன்சோலின் கட்டுப்பாட்டுச் சிப்பில் பதிவாகும் பிழைக் குறியீடுகளைக் கணினி வழியே படிக்கும் முறை பரவியபின் அதுவும் முழு உண்மையில்லை என்று தெரிந்தது. சிலவற்றில் கெப்பாசிட்டர், சிலவற்றில் படச் செயலி, சிலவற்றில் மின்வழங்கி. ஒரே மஞ்சள் விளக்கு, பல நோய்கள்.

என் முதல் பிளேஸ்டேஷன் 3 இந்த வரலாற்றுக்கு நடுவே சிக்கியது. ஒரு கடையில் ஹீட் கன் வைத்துத் தந்தார்கள். பதினேழு நாள் ஓடியது. மறுபடி கொண்டுபோனேன், மறுபடி சூடு. இம்முறை இரண்டு நாள். மூன்றாம் முறை போர்டு வளைந்திருந்தது. பின்னால் டோக்கினை மாற்றும் முறை தெரியவந்தபோது, மாற்றிப் பார்க்கத் தகுந்த நிலையில் அந்தப் போர்டு இல்லை. சூடேற்றிக் குணமானது என்பதால் நோய் இன்னது என்று முடிவுகட்டியதே அங்கு நடந்த தவறு. அந்த முடிவைக் கடைக்காரரோடு சேர்ந்து நானும் நம்பினேன்.

வாங்குபவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360-இன் பின்பக்க ஒட்டுத்தாளில் 12.1 ஆம்பியர் என்றிருந்தால் அது 2008-இல் வந்த ‘ஜாஸ்பர்’ போர்டு, 16.5 ஆம்பியர் என்றால் தொடக்ககாலத்தது. குறைந்த மின்சாரம் என்றால் குறைந்த சூடு, நீண்ட ஆயுள்.

மென்பொருளும் பூட்டும்

விளக்கும் விசிறியும் சரியாக இருந்து கன்சோல் முகப்புத் திரைக்கு வராவிட்டால், போர்டைக் கழற்றும் முன் மென்பொருளைப் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-ஐ அணைத்த நிலையிலிருந்து பொத்தானை ஏழு நொடி அழுத்தியே பிடித்திருந்தால் இரண்டாவது பீப் ஒலிக்கும். பாதுகாப்பு முறை திறக்கும். கன்ட்ரோலரைக் கேபிளால் இணைக்க வேண்டும். திரைத் தெளிவை மாற்றுவது முதல் மென்பொருளை முழுதாக மறுபடி நிறுவுவது வரை அங்கே செய்யலாம். ஹார்ட் டிஸ்க் கெட்டிருந்தால் சாதாரண 2.5 அங்குல டிஸ்க் ஒன்றைப் போட்டு, பென் டிரைவிலிருந்து மென்பொருளை ஏற்றினால் போதும். நின்டெண்டோ ஸ்விட்ச் மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்திருந்தால் பேட்டரி அடிமட்டத்துக்கு வற்றியிருக்கும். சரியான சார்ஜரில் சில மணி நேரம் விட்டு, பொத்தானைப் பன்னிரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போட்டுப் பார்ப்பது முதல் வேலை.

சில கன்சோல்களில் பாகங்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. முதல் எக்ஸ்பாக்ஸின் ஹார்ட் டிஸ்க் அதன் போர்டிலுள்ள சாவிக்கு மட்டுமே திறக்கும். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றின் டிஸ்க் டிரைவும் தன் போர்டோடு இணைசேர்க்கப்பட்டது. இரண்டு பழுதான கன்சோல்களைச் சேர்த்து ஒன்றாக்கலாம் என்று யாரோ முன்பே முயன்றிருந்தால், எல்லாப் பாகமும் நலமாக இருந்தும் கன்சோல் விளையாட்டை ஏற்காது. அமெரிக்காவில் கன்சோலின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்ப்பதற்காக இந்தப் பூட்டைத் தாண்டுவதற்கு 2021 அக்டோபரில்தான் சட்டவிலக்கு கிடைத்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். கன்சோல் போன்ற பொருள்களின் பாகங்களும் கையேடுகளும் சாதாரண மெக்கானிக்கின் கைக்கு வரும்போதுதான் அது நிறைவு பெறும்.

முந்தைய கைகள்

புதிதாகக் கெட்ட கன்சோலுக்கும் பழையதாக வாங்கியதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, யாரோ அதை ஏற்கெனவே திறந்திருக்கலாம் என்பது. கிழிந்த உத்தரவாத ஒட்டு, தலை மழுங்கிய திருகு, காணாமல்போன திருகு, சிப்பைச் சுற்றிக் காய்ந்த ஃப்ளக்ஸ், நிறம் மாறிய போர்டு ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். சூடேற்றிய அடையாளம் தெரிந்தால் அதன் விலை உதிரிபாக விலைதான். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் செயலிமேல் திரவ உலோகம் பூசப்பட்டிருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். அனுபவமில்லாதவர் வெப்பத் தகட்டைக் கழற்றியிருந்தால் வழிந்த ஒரு துளியே போர்டை ஷார்ட்டாக்கப் போதும்.

முடிவாக, வரிசை இது. ஒட்டுத்தாளைப் படியுங்கள். கேபிளையும் அடாப்டரையும் டிவியையும் மாற்றிப் பாருங்கள். விளக்கு, ஒலி, விசிறி மூன்றையும் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள். முனைகளைத் துடையுங்கள். மென்பொருள் வழிகளை முயலுங்கள். அதன்பிறகுதான் திருகுப்புளி, அதற்கும் பின்னால்தான் சால்டரிங். ஹீட் கன் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது?” அதற்கு எண்ணில் பதில் சொல்பவரிடம் கன்சோலைக் கொடுங்கள். அளந்து பார்க்காமல் சூடேற்றக் கிளம்புபவரிடம் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இன்று ஓடாவிட்டாலும், போர்டு கெடாமல் இருந்தால் அதை நாளை ஒருவர் ஓட வைப்பார்.